அமெரிக்கக் குடியுரிமையும் தோல் நிறமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து போய்க் குடியேறியவர் அமெரிக்கக் குடிமகனாக வேண்டுமென்றால் அவர் வெள்ளையராக இருக்க வேண்டும். 1790 முதல் 1952 வரை சட்டம் அப்படித்தான் இருந்தது. நடுவில் சில இனத்தாருக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. இந்த 162 ஆண்டுகளில் அங்குள்ள நாடாளுமன்றத்தில் நடந்த வாதங்களைப் பற்றியது இந்தக் கேள்வி பதில். அந்த நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ். மேலவைக்கு செனட் என்றும், கீழவைக்குப் பிரதிநிதிகள் சபை என்றும் பெயர்.

அமெரிக்காவில் பிறந்தாலே குடியுரிமை உண்டே, இதில் நிறம் எங்கே வந்தது?

குடிமகனாக இரண்டு வழிகள் இருக்கின்றன. அங்கே பிறப்பது ஒன்று. வேறு நாட்டில் பிறந்து, அங்கே போய்ச் சில ஆண்டுகள் வாழ்ந்து, மனுப் போட்டு, உறுதிமொழி எடுத்துக் குடிமகனாவது இன்னொன்று. பிறப்பு வழியை 1868-இல் அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் உறுதி செய்தது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் வழக்கில், அவர் குடிமகன்தான் என்று 1898-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நிறத்தின் ஆட்சி நடந்தது இரண்டாவது வழியில்தான். அதனால் ஒரே வீட்டில் மகன் குடிமகனாகவும், அவனைப் பெற்றவர்கள் சாகும்வரை அந்நியர்களாகவும் இருந்த விசித்திரம் நடந்தது.

1790 சட்டம் என்ன சொன்னது? அப்போது யாரும் எதிர்க்கவில்லையா?

அப்போது தலைநகரம் நியூயார்க். முதல் காங்கிரஸ் அங்கே கூடி இந்தச் சட்டத்தைப் போட்டது. 'சுதந்திரமான வெள்ளையர்' எவரும் நாட்டில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருந்து, நன்னடத்தை உள்ளவராகவும் இருந்தால், நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துக் குடிமகனாகலாம். அவ்வளவு எளிது. அன்றைய ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் மிகத் தாராளமான சட்டம்தான்.

சபையில் வாக்குவாதம் நடக்காமல் இல்லை. எத்தனை ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும், வந்த உடனே நிலம் வாங்க விடலாமா, பதவிகளில் அமர விடலாமா என்று நிறையப் பேசினார்கள். 'வெள்ளையர்' என்பதைப் பற்றித்தான் பேச்சே எழவில்லை. அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த நாட்டில் அது சொல்லாமலே எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். வாழ்ந்திருக்க வேண்டிய காலம் 1795-இல் ஐந்து ஆண்டானது, 1798-இல் பதினான்கானது, 1802-இல் மறுபடி ஐந்துக்கு இறங்கியது. 'வெள்ளையர்' மட்டும் அப்படியே இருந்தது.

சும்மா இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1857-இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காக நடத்திய வழக்கில், கறுப்பர்கள் குடிமக்களே அல்ல என்று தலைமை நீதிபதி ரோஜர் டேனி தீர்ப்பெழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் 1790 சட்டமும் ஒன்று. யாரும் விவாதிக்காமல் போட்ட சொல், அறுபத்தேழு ஆண்டு கழித்து ஒருவருடைய கழுத்துக்கு வந்தது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்ததே. அதோடு இதுவும் போயிருக்க வேண்டாமா?

போயிருக்க வேண்டும். கறுப்பர்களுக்குக் குடியுரிமை வந்தது, 1870-இல் 15-வது திருத்தத்தால் வாக்குரிமையும் வந்தது. ஆனால் ஹைட்டியிலோ ஜமைக்காவிலோ பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்பருக்கு இதெல்லாம் உதவவில்லை. மனு போடும் வழியில் அவருக்குப் பழைய சட்டம்தான். இந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னர் 1867 முதலே முயன்று வந்தார். மசோதாக்கள் குழுவில் கிடந்து தூங்கின.

1870 ஜூலையில் அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. அதுவும் வேறு காரணத்துக்காக வந்த மசோதா. 1868 தேர்தலுக்கு முன் நியூயார்க்கில் அரசியல் கட்சி ஆட்களுக்கு வேண்டிய நீதிபதிகள், குடியேறியவர்களுக்குக் குடியுரிமைச் சான்றிதழ்களை ஆயிரக்கணக்கில் அள்ளி விட்டார்கள். அந்த மோசடியைத் தடுக்க ஒரு மசோதா. செனட்டில் அதை நடத்திச் சென்றவர் நியூயார்க்கின் ராஸ்கோ காங்க்லிங். சட்டங்களில் எங்கெல்லாம் 'வெள்ளையர்' என்று இருக்கிறதோ அங்கெல்லாம் அதை அடித்துவிட வேண்டும், குடியுரிமை வழங்குவதில் இன, நிற வேறுபாடே கூடாது என்று சம்னர் அந்த மசோதாவில் தன் திருத்தத்தைச் செருகினார்.

1870 ஜூலை 4 அன்று செனட்டில் என்ன நடந்தது?

அன்று சுதந்திர தினம், திங்கட்கிழமை. விடுமுறை எடுக்காமல் செனட் கூடியது. எல்லா மனிதரும் சமம் என்று சொன்ன சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டு விழாவிலேயே இந்த வாக்கெடுப்பு நடக்கிறது என்பதை சம்னர் விடாமல் சுட்டிக்காட்டினார். பிரகடனம் எல்லா மனிதரும் என்கிறது, ஒரு நிறத்தார் என்று சொல்லவில்லையே என்று கேட்டார்.

எதிர்ப்பு மேற்குக் கரையிலிருந்து வந்தது. அவர்களுக்கு ஆப்பிரிக்கர்கள் பிரச்சினையே இல்லை, சீனர்கள்தான் பிரச்சினை. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த சீனர்கள் 63 ஆயிரம் பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கலிபோர்னியாவில். ஆரகனின் ஜார்ஜ் வில்லியம்ஸ், சீனக் கூலிகளையும் ஆப்பிரிக்கப் பழங்குடிகளையும் வரிசையாகச் சொல்லி, இவர்களுக்கும் சேர்த்தா பிரகடனம் எழுதினார்கள் என்று கேலி செய்தார். நெவாடாவின் வில்லியம் ஸ்டூவர்ட், சீனத் தொழிலாளிகள் ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள், அவர்களுடைய விசுவாசம் தங்கள் பேரரசரிடம்தான், அவர்கள் எடுக்கும் உறுதிமொழிக்குப் பொருளில்லை என்ற வழியில் வாதாடினார்.

சம்னரின் பதில் எனக்குப் பிடித்த ஒன்று. அவர்கள் குடியுரிமை கேட்டு வருகிறார்கள் என்றால் அந்த விருப்பமே நம் அமைப்புகளிடம் அவர்களுக்குள்ள பற்றுக்கு அடையாளம், அதில் என்ன ஆபத்து என்று கேட்டார். அமைதியாக உழைப்பவர்களைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும் என்றும் கேட்டார். பேசியவர் சாதாரண ஆளல்ல. அடிமைமுறையை எதிர்த்துப் பேசியதற்காக 1856-இல் இதே செனட் மன்றத்தில் தன் இருக்கையில் வைத்துத் தடியால் அடித்து நொறுக்கப்பட்டவர்.

முதலில் ஒரு வாக்கெடுப்பில் அவர் திருத்தம் வென்றும் விட்டது. உடனே மறுபரிசீலனை கேட்டார்கள். மறுபடி வாக்கெடுத்தபோது 30-க்கு 14 என்று தோற்றது. அப்புறம் அலபாமாவின் வில்லார்ட் வார்னர் ஒரு சமரசம் கொண்டுவந்தார்: 'வெள்ளையர்' இருக்கட்டும், கூடவே ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களையும் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்துக்கொள்வோம். இது 21-க்கு 20 என்று ஒரே வாக்கில் தப்பியது. அப்படியானால் சீனர்களையும் சேருங்கள் என்று இலினாய் செனட்டர் லைமன் டிரம்புல் கேட்டார். 31-க்கு 9. தோல்வி. ஜூலை 14-இல் மசோதா சட்டமானது.

அன்று நடந்தது வெறும் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. அடுத்த எண்பது ஆண்டுக்கும் காங்கிரஸ் பின்பற்றப்போகும் வழக்கம் அன்றுதான் உருவானது. விதியை எடுக்க மாட்டார்கள், யார் அதிகம் சங்கடம் தருகிறாரோ அவருக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுப்பார்கள். கிழிந்த வேட்டியை மாற்றாமல் ஒட்டுப் போட்டுக்கொண்டே போனார்கள்.

கறுப்பர்களுக்கு வாக்குரிமை தந்த அதே குடியரசுக் கட்சிக்காரர்கள்தானே இவர்கள்? எப்படி இந்த முரண்?

செனட்டில் அன்று அவர்களுக்குத்தான் பெரும்பான்மை. சம்னரைத் தோற்கடித்ததும் பெரும்பாலும் அவர் கட்சிக்காரர்களே. முரணாகத் தெரியலாம், ஆனால் வாக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். தெற்கில் விடுதலை பெற்ற கறுப்பர்கள் அவர்களுடைய வாக்காளர்கள். கலிபோர்னியாவிலும் ஆரகனிலும் நெவாடாவிலும் சீனர்களுக்கு வாக்கே கிடையாது. சீனர்களை வெறுத்த வெள்ளைத் தொழிலாளிகளுக்கு இருந்தது. சம்னரின் சொந்த மாநிலத்திலேயே அந்த ஜூன் மாதம் ஒரு சம்பவம் நடந்தது. நார்த் ஆடம்ஸ் என்ற ஊரில் ஒரு காலணி ஆலை முதலாளி, வேலைநிறுத்தத்தை உடைக்க 75 சீனத் தொழிலாளர்களைக் கலிபோர்னியாவிலிருந்து ரயிலில் கொண்டுவந்து இறக்கினார். நாடு முழுக்கச் செய்தி. மறுமாதமே செனட்டில் இந்த விவாதம்.

எல்லாரும் அப்படி நினைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த தலைவர் பிரெடரிக் டக்லஸ், சீனர்கள் வரட்டும், குடிமக்களாகட்டும், வாக்களிக்கட்டும் என்று 1869-இல் பாஸ்டனில் மேடையேறிச் சொன்னார்.

எதிர்த்த ஸ்டூவர்ட் சீனர்களின் எதிரியா?

இதுதான் இந்தக் கதையில் நேராகப் பிடிபடாத இடம். அதே 1870-இல் வேறு ஒரு சட்டத்தில், வரி விதிப்பிலும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதிலும் வெளிநாட்டவர்களுக்குச் சமப் பாதுகாப்பு தரும் பிரிவைக் கொண்டுவந்தவர் இவர்தான். கலிபோர்னியாவில் சீனர்கள் மீது போட்ட அநியாய வரிகளையும், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்லக் கூடாது என்ற விதியையும் மனதில் வைத்துத்தான் அதை எழுதினார். அவர்களை அடிக்காதீர்கள், கொள்ளையடிக்காதீர்கள், ஆனால் நம்மோடு வாக்களிக்க விடாதீர்கள் என்பது அவர் நிலை. இரக்கமும் சமத்துவமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆளைக் காட்ட முடியாது.

ஆப்பிரிக்கர்களைச் சேர்த்ததால் யாருக்காவது பயன் இருந்ததா?

ஆப்பிரிக்காவிலிருந்து அப்போது வந்தவர்கள் மிகச் சிலர். உண்மையில் பயன்பட்டது கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பர்களுக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் நியூயார்க்கில் கணிசமாகக் குடியேறினார்கள்.

1873-க்கும் 1875-க்கும் இடையில் அந்தச் சொல் சட்டத்திலேயே இல்லை என்கிறார்களே?

ஆமாம், நடந்தது. கூட்டாட்சிச் சட்டங்களை எல்லாம் திருத்தித் தொகுத்தபோது 'சுதந்திரமான வெள்ளையர்' விடுபட்டுப் போயிற்று. ஒரே சொல்லை எடுக்க சம்னர் அவ்வளவு போராடியும் நடக்காதது, தொகுப்பாளர்கள் கையில் சத்தமில்லாமல் நடந்துவிட்டது. சம்னர் 1874 மார்ச்சில் இறந்துபோனார். 1875 பிப்ரவரியில் 'பிழை திருத்தம்' என்ற பெயரில் காங்கிரஸ் அதை மறுபடி சேர்த்தது. 1790-இல் பேசாமல் சேர்த்தார்கள் என்றால் பழக்கம் என்று விடலாம். 1875-இல் தெரிந்தே சேர்த்தார்கள்.

சம்னரின் தோல்வி பிற்பாடு அவருக்கே எதிராகப் பயன்பட்டதா?

அவர் வாதத்துக்கு எதிராக, ஆமாம். 1878-இல் ஆ யப் என்ற சீனர் கலிபோர்னியாவில் குடியுரிமை கேட்டார். நீதிபதி லொரென்சோ சாயர், சீனர் வெள்ளையரில்லை என்று மறுத்தார். காரணங்களில் ஒன்று 1870 விவாதம். சொல்லை நீக்கினால் சீனர்கள் உள்ளே வருவார்கள் என்று தெரிந்துதானே செனட் நீக்க மறுத்தது, ஆக அவர்களை வெளியே வைப்பதே காங்கிரஸின் நோக்கம் என்றார். தர்க்கம் சரிதான், அதுதான் வேதனை.

1882-இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சீனத் தொழிலாளர் வருகையைப் பத்தாண்டுக்கு நிறுத்தியதோடு, எந்த நீதிமன்றமும் சீனருக்குக் குடியுரிமை தரக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். செனட்டில் இதைக் கடுமையாக எதிர்த்துப் பேசியவர் மாசசூசெட்ஸின் ஜார்ஜ் ஹோர்.

சரி, வெள்ளையர் என்றால் யார்? காங்கிரஸ் விளக்கம் சொன்னதா?

சொல்லவே இல்லை. 162 ஆண்டுகளிலும் சொல்லவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நீதிபதிகளிடம் தள்ளிவிட்டார்கள். 1878 முதல் 1952 வரை ஐம்பதுக்கு மேற்பட்ட வழக்குகளில், எதிரே நிற்பவர் வெள்ளையரா என்று நீதிபதிகள் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. தோலைப் பார்த்தார்கள், வரைபடத்தைப் பார்த்தார்கள், மதத்தைப் பார்த்தார்கள், இனவியல் புத்தகங்களைப் புரட்டினார்கள்.

ஆர்மீனியர்கள் வெள்ளையர் என்று 1909-இல் பாஸ்டனில் தீர்ப்பானது. சிரியர்கள் வழக்குக்கு வழக்கு மாறி, 1915-இல் மேல்முறையீட்டில் வெள்ளையரானார்கள். பம்பாயிலிருந்து போன பார்சி வணிகர் பால்சாராவை நியூயார்க் நீதிமன்றங்கள் வெள்ளையர் என்று ஏற்றுக்கொண்டன. மெக்சிகோக்காரர்கள் விஷயம் தனி: டெக்சாஸில் 1897-இல் ரோட்ரிகஸ் என்பவரின் மனுவை விசாரித்த நீதிபதி, இனவியல்படி பார்த்தால் இவர் வெள்ளையராக மாட்டார், ஆனால் மெக்சிகோவோடு போட்ட ஒப்பந்தங்களின்படி மறுக்க முடியாது என்று கொடுத்துவிட்டார்.

பகத்சிங் திண்ட் வழக்கு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அதற்கு மூன்று மாதம் முந்தைய வழக்கிலிருந்து தொடங்க வேண்டும். தக்காவோ ஓசாவா ஜப்பானில் பிறந்தவர். கலிபோர்னியாவில் படித்து ஹவாயில் குடியேறியவர். இருபது ஆண்டு அமெரிக்க வாழ்க்கை. வீட்டில் ஆங்கிலம்தான் பேசினார். இவரைவிடத் தகுதியான விண்ணப்பதாரர் கிடைக்க மாட்டார் என்பதை யாரும் மறுக்கவில்லை. 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு இல்லை என்றது. வெள்ளையர் என்றால் தோல் வெளுப்பு அல்ல, காக்கேசிய இனம் (ஐரோப்பியரை அன்றைய இனவியல் சேர்த்த வகை) என்று பொருள், நீங்கள் அந்த இனமில்லை என்றது.

திண்ட் பஞ்சாபி சீக்கியர். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். ஓசாவா தீர்ப்பின்படி பார்த்தால் அவர் வழக்கு சுலபம்: அன்றைய இனவியல் நூல்கள் வட இந்தியர்களைக் காக்கேசியர் என்றுதான் வகைப்படுத்தின. 1923 பிப்ரவரியில், ஓசாவா தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட் அதையும் மறுத்தார். புத்தகம் என்ன சொன்னால் என்ன, வெள்ளையர் யார் என்பது சாதாரண மனிதனின் புரிதலைப் பொறுத்தது என்றார். ஸ்காண்டிநேவியாவின் பொன்னிற முடிக்காரருக்கும் பழுப்பு நிற இந்தியருக்கும் எப்போதோ ஒரே மூதாதை இருந்திருக்கலாம், ஆனால் இன்று வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறதே என்ற பொருளில் எழுதினார். விஞ்ஞானம் வெளியே தள்ள உதவியபோது விஞ்ஞானம். உள்ளே விடும் போலிருந்தால் பொதுப்புத்தி. சதர்லாண்ட் இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர் என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம்.

நாம் கவனிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வியே 'உயர்சாதி இந்து வெள்ளையரா' என்பதுதான். அமெரிக்கர்களுக்கு அப்போது இந்தியர் எல்லாரும் இந்துக்களே, சீக்கியர் உட்பட. திண்ட் தரப்பு சாதியைத் தயங்காமல் கையில் எடுத்தது. ஆரியர்கள் சாதிக் கட்டுப்பாட்டால் ரத்தத் தூய்மையைக் காத்துக்கொண்டார்கள், ஆகவே நாங்கள் வெள்ளையர் என்பது வாதம். அதற்கு நீதிமன்றத்தின் பதிலில் திராவிடர்கள் வருகிறார்கள்: இந்தியாவின் சில பகுதிகளில் ஆரியர் கருநிறத் திராவிடரோடு கலந்துவிட்டார்கள், சாதி விதிகள் அதை முழுமையாகத் தடுக்கவில்லை என்று தீர்ப்பில் இருக்கிறது. இனச் சுவரைத் தாண்ட சாதிப் பெருமையை ஏணியாக வைத்தார்கள், ஏணி நிற்கவில்லை. அந்த நீதிமன்றத்தில் ஒரு தமிழர் நின்றிருந்தால் எந்த வாதத்தை வைத்திருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் அநியாயம் என்று சொல்ல அந்த மேடையில் இடமே இல்லை. நான் வெள்ளையர் என்று மட்டும்தான் வாதாட முடியும்.

குடியுரிமை இல்லாவிட்டால் என்ன? வேலை பார்த்துச் சம்பாதிக்கலாமே?

அங்கேதான் மற்ற சட்டங்கள் வந்து சேர்ந்துகொண்டன. 1913-இல் கலிபோர்னியா, 'குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர்' விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றது. ஜப்பானியர் என்றோ இந்தியர் என்றோ எழுதத் தேவையே இல்லாமல் போயிற்று. 1922 கேபிள் சட்டப்படி, அத்தகைய அந்நியரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். 1931 வரை இது நீடித்தது. 1924 குடியேற்றச் சட்டம் அப்படிப்பட்டவர்கள் குடியேற வருவதையே தடுத்தது.

திண்ட் தீர்ப்புக்குப் பிறகு ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு வழக்குப் போட்டது. சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படிப் பறிகொடுத்தவர். பிரிட்டிஷ் குடிமை வேண்டாம் என்று உதறிவிட்டு அமெரிக்கரானவர், கடைசியில் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனார். 1928-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் காரணத்தையும் சொல்லியிருந்தார். வழக்கறிஞர் சகாராம் கணேஷ் பண்டிட் மட்டும் தன் வழக்கைத் தானே நடத்தி மேல்முறையீட்டிலும் வென்றார். அதன் பிறகே பறிப்பு அடங்கியது.

காங்கிரஸில் யாரும் இதைச் சரிசெய்ய முயலவில்லையா?

1926-இல் நியூயார்க் செனட்டர் ராயல் கோப்லாண்ட், இந்தியர்களையும் வெள்ளையர் கணக்கில் சேர்க்க ஒரு மசோதா கொண்டுவந்தார். தேறவில்லை. 1935-இல், முதல் உலகப் போரில் அமெரிக்காவுக்காகப் போராடிய ஆசிய வீரர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு வந்தது. அதன் வழியாக திண்ட் 1936-இல் ஒருவழியாகக் குடிமகனானார். 1940-இல் அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடி வம்சத்தினரைச் சேர்த்தார்கள். எல்லாம் ஒவ்வொரு ஒட்டு.

அப்புறம் சீனர்களுக்கும் இந்தியர்களுக்கும் எப்படிக் கதவு திறந்தது?

போர் திறந்தது. 1941-க்குப் பின் சீனா அமெரிக்காவின் கூட்டாளி. உங்கள் கூட்டாளியே உங்களைக் குடிமகனாக ஏற்க மாட்டான் என்று ஜப்பான் ஆசியா முழுக்கப் பிரச்சாரம் செய்தது. அந்தப் பிரச்சாரத்தில் பொய் ஒன்றும் இல்லை. சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் மனைவி 1943-இல் காங்கிரஸில் வந்து உரையாற்றினார். வரலாற்றுப் பிழையைத் திருத்தி, ஜப்பானின் வாயை அடைக்க வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் காங்கிரஸுக்கு எழுதினார். 1943 டிசம்பரில் சீனர் விலக்கு நீங்கியது. குடியுரிமைக்கும் தகுதி வந்தது. ஆண்டுக்குக் குடியேறலாம் என்று விட்ட எண்ணிக்கை 105.

இந்தியர்களுக்கு இன்னும் மூன்று ஆண்டு ஆனது. கனெக்டிகட்டின் கிளேர் பூத் லூஸ், நியூயார்க்கின் இமானுவேல் செல்லர் இருவரும் சபையில் முன்னெடுத்தார்கள். வெளியே நியூயார்க் வணிகர் ஜே. ஜே. சிங், முபாரக் அலி கான் போன்றவர்கள் வருடக்கணக்கில் உறுப்பினர்களின் அறைகளுக்கு நடந்தார்கள். நாளை சுதந்திரம் பெறப்போகும் பெரிய நாடு, நமக்கு வணிகம் வேண்டாமா என்பது ஆதரவு வாதம். கூலிப் போட்டி வரும், கதவைத் திறந்தால் வெள்ளமாக வருவார்கள் என்பது எதிர்வாதம். 1940 கணக்கெடுப்பில் அமெரிக்காவிலிருந்த இந்தியர்கள் 2,405 பேர்! 1946 ஜூலை 2-இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 100 பேர். அதே சட்டத்தில் பிலிப்பைன்ஸ்காரர்களும் சேர்ந்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர்கள் நாடு சுதந்திரம் அடைந்தது.

அந்தச் சட்டத்தால் 1949-இல் குடிமகனான கலிபோர்னியா விவசாயி தலிப் சிங் சௌந்த், 1956-இல் பிரதிநிதிகள் சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய வம்சாவளியினர் ஒருவர் வாக்களிக்கும் உறுப்பினராக அந்தச் சபைக்குத் தேர்வானது அதுவே முதல்முறை.

தமிழர்கள் யாராவது இந்த விதியில் மாட்டினார்களா?

நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருக்கிறது: வானியல் அறிஞர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்தார். போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக மேரிலாந்தில் எறிகணை ஆய்வு செய்தார். அப்போதும் சட்டப்படி அவர் 'குடியுரிமை பெறத் தகுதியில்லாத' இனம்தான். தகுதி வந்தது 1946-இல்; அவர் குடிமகனானது 1953-இல்.

1952 சட்டம் நிற விதியை ஒழித்தது என்றால் ட்ரூமன் ஏன் அதை நிராகரித்தார்?

நல்ல கேள்வி. நெவாடா செனட்டர் பேட் மெக்காரனும் பென்சில்வேனியாவின் பிரான்சிஸ் வால்டரும் கொண்டுவந்த அந்தச் சட்டத்தில், இனத்தாலோ பாலினத்தாலோ குடியுரிமை மறுக்கப்படாது என்று ஒரு வாசகம் இருக்கிறது. சம்னர் கேட்டது 82 ஆண்டு கழித்து வந்தது. அதுவரை காத்திருந்த முதல் தலைமுறை ஜப்பானியர்கள் வயதான காலத்தில் வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்தார்கள். அதனால்தான் ஜப்பானிய அமெரிக்கர் சங்கம் இதை ஆதரித்தது.

ஆனால் உள்ளே வந்தவரிடம் கேட்காத இனத்தை வாசலில் கேட்டார்கள். பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 65 ஆயிரம் இடம். இந்தியாவுக்கு அதே 100. லண்டனில் பிறந்த ஒருவரின் பெற்றோர் இந்தியர் என்றால் அவர் பிரிட்டன் கணக்கில் வர முடியாது, அந்த 100-க்குள்தான் வர வேண்டும். ஆசியருக்கு மட்டும்தான் இப்படி வம்சம் பார்த்தார்கள். ட்ரூமனின் எதிர்ப்பில் ஒரு பெரும்பகுதி இந்த ஒதுக்கீட்டு முறையின் மீதுதான். அவர் நிராகரித்தும், 1952 ஜூன் 27-இல் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து நிறைவேற்றிவிட்டன. அந்த ஒதுக்கீட்டை எடுக்க 1965 ஆனது. 1946-இல் இந்தியர்களுக்காக நின்ற அதே செல்லரின் பெயர் அந்தச் சட்டத்திலும் இருக்கிறது.

இன்று கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் இதன் தொடர்ச்சியா?

அப்படிச் சொல்வது சரியில்லை. இன்றைய வரம்பு எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான்: எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இனம் பார்க்கும் விதி அதில் இல்லை. விண்ணப்பிப்பவர்கள் அதிகம் என்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை நீள்கிறது. இந்தியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர் இன்று பிரிட்டன் கணக்கில்தான் வருவார். ஆனால் தீர்வு கேட்டு வரும் மசோதாக்களைக் கவனித்தால் பழைய வழக்கம் தெரியும். வரம்பையே எடுக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது, அந்தத் துறைக்கு மட்டும், இந்த வேலைக்கு மட்டும் விலக்கு தரலாம் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. விலக்கு கேட்பவர்களுக்குத்தான் காங்கிரஸில் எப்போதும் வாக்கு கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கிறது.